ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம்: சுகர்க்காரன் சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி?

குறுக்குத்துறை51
அக்டோபர் 4, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நெல்லை டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன். வயது 51. சுகர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது, மாத்திரைதான், ஊசி இல்லை. விடியற்காலை டவுனிலிருந்து குறுக்குத்துறைக்கு நடந்து போய், முருகன் கோயில் படித்துறையில் ஒரு முங்கு முங்கிவிட்டு நடந்தே திரும்புவது பதினைந்து வருடப் பழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை கடைசிப் படிக்கு முந்தின படியில் பாசி. வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. 'டொக்' என்று ஒரு சத்தம், பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவே திரும்பிப் பார்த்தார்.

சுண்டு விரலுக்குப் பின்னால் இருக்கிற நீள எலும்பு முறிந்திருக்கிறது. சீட்டில் 'ஐந்தாவது மெட்டாடார்சல், ஜோன்ஸ் ஃபிராக்சர்' என்று எழுதியிருக்கிறார்கள். முட்டுக்குக் கீழே மாவுக்கட்டு. ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, அப்புறம் எக்ஸ்ரே பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர்.

வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். சும்மா கிடப்பதுதான் ஆகவில்லை. ஐந்தே நாளில் வெறும் வயிற்றுச் சுகர் 118-லிருந்து 164-க்கு ஏறிவிட்டது. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடைப்பயணம் வேறு இருக்கிறது, பதினோரு வருடமாக விட்டதில்லை. இப்படிக் கட்டோடு கிடந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். 'ரெஸ்ட் எடுங்க அண்ணாச்சி' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதைச் சொல்ல வீட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள்.

சேரன்மாதேவி_சைக்கிள்
அக்டோபர் 4, இரவு 10:15

ரெஸ்ட் எடுங்க அண்ணாச்சி :)

கோபப்படாதீர்கள், நானும் பட்டவன்தான். மூன்று வருடத்துக்கு முன் மாரத்தானுக்காகக் கல்லிடைக்குறிச்சி ரோட்டில் தினமும் ஓடி, இரண்டாவது விரலின் எலும்பில் மயிரிழை விரிசல். விழவில்லை, மடங்கவில்லை, ஓடி ஓடியே வந்தது. நாலு வாரம் ஓடாதே என்றார்கள். மூன்றாவது வாரம் வலி இல்லையே என்று ஓடினேன். அதற்கப்புறம் நாலு மாதம் ஆனது. வலி போவது வேறு, எலும்பு கூடுவது வேறு என்பதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை அது.

உங்கள் முறிவின் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ராபர்ட் ஜோன்ஸ் என்கிற பிரிட்டிஷ் எலும்பு டாக்டர் நடனமாடும்போது தன் பாதத்தையே இப்படி ஒடித்துக்கொண்டார். 1902-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத, அவர் பெயரே நின்றுவிட்டது. அவர் ஆடப் போய் ஒடித்தார், நீங்கள் குளிக்கப் போய் ஒடித்தீர்கள்.

பாளை_பிசியோ
அக்டோபர் 5, காலை 6:50

அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். உங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும். உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

'ஊன்றாதே' என்றால் ஊன்றாதே தான். அதே எலும்பின் அடி நுனி மட்டும் பிய்ந்திருந்தால், கெட்டியான அடியுள்ள செருப்போ பூட்ஸோ போட்டு நடக்க விட்டிருப்பார்கள். உங்களுக்கு முறிந்திருப்பது அதற்குச் சற்று முன்னால். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் மெதுவாகத்தான் கூடும். சில பேருக்குக் கூடாமல் ஸ்குரூ போடும்படி ஆகிறது. சுகர் இருந்தால் இன்னும் தாமதம். பீடி, சிகரெட் இருந்தால் இன்றைக்கே விடுங்கள்.

ஆனால் ஓய்வு அந்த எலும்புக்குத்தான், உங்களுக்கு இல்லை. இரண்டு கை, ஒரு முழுக் கால், கட்டுப் போட்ட காலின் தொடை, இடுப்பு, வயிறு, முதுகு எல்லாம் வேலை செய்யக் காத்திருக்கின்றன.

கடையில் ஆணி பாக்கெட் இருக்குமே? ஒரு கிலோ பாக்கெட்டைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து, சாய்மானம் உள்ள, கை வைக்காத நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். தோளுக்கு மேலே தூக்குவது, முன்னால் குத்துவது, பக்கவாட்டில் விரிப்பது என்று மாறி மாறிப் பத்து நிமிடம். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், பேச்சு நிற்கக் கூடாது, அந்த அளவு போதும். மூன்று வேளையும் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் இதைச் செய்தால் சாப்பாட்டுக்குப் பின் சுகர் ஏறுவது அடங்கும். தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை அதுவே இழுத்துக்கொள்ளும், அது கைத் தசையா கால் தசையா என்று சர்க்கரை பார்ப்பதில்லை. சில மாத்திரைகளோடு சேரும்போது சுகர் திடீரென்று இறங்கவும் செய்யும், சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும்.

பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, துடுப்புப் போடுகிற மாதிரி நெஞ்சுக்கு இழுங்கள். படுத்துக்கொண்டு கட்டுப் போட்ட காலை முட்டு மடக்காமல் ஒரு முழம் தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள். மாவுக்கட்டே அதற்கு எடை. பிறகு பக்கவாட்டில் படுத்து அதே மாதிரி. இதை விட்டுவிட்டால் ஆறு வாரம் கழித்துத் தொடை பனைமட்டை மாதிரி வற்றிப் போய் நிற்கும்.

அதை விட முக்கியமான ஒன்று. தினமும் ராத்திரி நல்ல காலைப் பாருங்கள். முழு எடையும் இடது பாதத்தில்தான் இறங்குகிறது. சுகர்க்காரர்களுக்கு உணர்ச்சி குறைந்திருந்தால், ஒடிந்த காலைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே நல்ல காலில் கொப்புளம் வந்து புண்ணாகிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுங்கள்.

கட்டுக்கு மேலே கெண்டைச் சதை வலித்து வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, விரல் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரி போய்விடுங்கள்.

குறுக்குத்துறை51
அக்டோபர் 5, மதியம் 2:05

அம்மா, நீங்கள் நல்லா இருக்கணும். இரண்டு இஞ்ச் ஆணி பாக்கெட் இரண்டை எடுத்து வரச் சொன்னேன். கடைப் பையன் 'பில் போடணுமா அண்ணாச்சி' என்று கேட்கிறான்.

இன்னொன்று, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். எங்கள் வீட்டில் இந்தியன் கக்கூஸ்தான். ஒற்றைக் காலில் குத்த வைக்க முடியாமல் மூன்று நாள் நான் பட்ட பாட்டை எழுத முடியாது.

முக்கூடல்_மகள்
அக்டோபர் 5, மாலை 4:30

அண்ணாச்சி, அதை ஏன் வெட்கப்பட்டுக் கேட்கிறீர்கள். எங்கள் அம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, நடுவில் ஓட்டை உள்ள கம்மோடு நாற்காலி வாங்கி அப்படியே பேசின் மேலே போட்டோம். மருத்துவச் சாமான் கடைகளில் கிடைக்கும், வாடகைக்கும் தருவார்கள். பக்கத்துச் சுவரில் ஒரு இரும்புக் கைப்பிடி அடித்துவிடுங்கள். உங்கள் கடையில் இல்லாத கைப்பிடியா.

நான் பீடி சுற்றுகிற ஆள். ஒரு நாளைக்கு ஆயிரம் என்றால் காலையிலிருந்து சொளவை மடியில் வைத்துச் சம்மணம் போட்டு ஒரே இடம்தான். உட்கார்ந்தே கிடந்தால் உடம்பு என்ன ஆகும் என்பதை என்னிடம் கேளுங்கள். கால் நன்றாக இருந்தும் எனக்கு சுகர். ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்து இறக்கிவிட்டு வந்து உட்காருவேன். அந்தப் பீடிக் கட்டையே உங்களுக்குக் கடிகாரமாக வைத்துச் சொல்கிறேன்: ஒரே இருப்பாக ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்காதீர்கள்.

வீரவநல்லூர்_பேரன்
அக்டோபர் 6, காலை 8:20

எல்லோரும் இங்கிலீஷ் வைத்தியமே சொல்கிறீர்கள். எங்கள் தாத்தா நாற்பது வருடம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டவர். முட்டை வெள்ளைக்கரு, உளுந்த மாவு, மூங்கில் பத்தை, அவ்வளவுதான். எத்தனையோ பேர் நடந்து போனார்கள். மாவுக்கட்டை ஆறு வாரம் ஏன் சுமக்க வேண்டும்?

முக்கூடல்_மகள்
அக்டோபர் 6, காலை 9:02

தம்பி, உங்கள் தாத்தாவை நான் குறை சொல்லவில்லை. எங்கள் அத்தானுக்கு ஒரு இடத்தில் கட்டுப் போட்டார்கள், ஊர் பெயர் வேண்டாம். ராத்திரி விரலெல்லாம் கத்தரிக்காய் நிறம். 'இறுக்கமாக இருந்தால்தான் எலும்பு கூடும், பொறுத்துக்கோ' என்று போனில் சொன்னார்கள். விடிவதற்குள் ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கட்டை வெட்டிய பிறகுதான் கால் தப்பியது.

வீரவநல்லூர்_பேரன்
அக்டோபர் 6, காலை 9:40

அக்கா, அது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். தாத்தாவே கடைசிக் காலத்தில் எக்ஸ்ரே பார்க்காமல் கட்ட மாட்டார். சுகர் உள்ளவர்களையும் தோல் கிழிந்தவர்களையும் 'நமக்கு வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிடுவார். யோசித்துப் பார்த்தால் அண்ணாச்சியையும் அனுப்பியிருப்பார். ஆனால் பிரண்டைத் துவையலும் உளுந்தங்களியும் சாப்பிடலாம் இல்லையா?

பாளை_பிசியோ
அக்டோபர் 6, இரவு 8:15

தாராளமாக. பிரண்டையை மருந்துக்குப் பதிலாகச் சாப்பிடாமல் சோற்றோடு சாப்பிட்டால் சரி. முட்டை, பயறு, மீன் எதுவும் குறையக் கூடாது. களியில் கருப்பட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

குறுக்குத்துறை51
அக்டோபர் 6, இரவு 8:31

கருப்பட்டி சுகரை ஏற்றாது என்று எங்கள் அம்மா உடன்குடியிலிருந்தே வரவழைத்து வைத்திருக்கிறார்களே?

பாளை_பிசியோ
அக்டோபர் 6, இரவு 8:40

ஏற்றும். உடன்குடி என்றாலும் ஏற்றும். நம்பாவிட்டால் களி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள்.

குறுக்குத்துறை51
அக்டோபர் 7, காலை 11:10

பார்த்தேன். 251. அம்மா மெஷின் சரியில்லை என்கிறார்கள்.

சுத்தமல்லி_வயல்
அக்டோபர் 12, மாலை 6:00

இழைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு முறிவு இல்லை. காலையில் எழுந்து முதல் எட்டு வைத்தால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது. பத்து எட்டு போட்டால் குறையும், மதியம் வரப்பில் நின்றால் மறுபடி. எக்ஸ்ரேயில் எலும்பு முள்ளு மாதிரி வளர்ந்திருக்கிறதாம். அதை வெட்டி எடுக்க வேண்டுமா? வயல் வேலையை விட முடியாது.

பாளை_பிசியோ
அக்டோபர் 12, இரவு 9:05

பெரும்பாலும் அந்த முள் குற்றவாளி இல்லை, அது இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறையப் பேர். உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல் வரை ஓடுகிற பட்டைத் தசைநார் நைந்திருக்கிறது. படுக்கையை விட்டு இறங்கும் முன் கால் விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பத்து எண்ணுங்கள், பத்துத் தடவை.

வலி கொஞ்சம் அடங்கியதும் இதைத் தொடங்குங்கள். ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன் மேல் மடங்கி இருக்கும்படி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குங்கள். ஏற மூன்று எண்ணிக்கை, மேலே இரண்டு, இறங்க மூன்று. ஒருநாள் விட்டு ஒருநாள். டென்மார்க்கில் இதை நீட்டல் பயிற்சியோடு ஒப்பிட்டுப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள், மூன்று மாதத்தில் இதைச் செய்தவர்களுக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது. மாதக் கணக்கில் ஆகும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வெட்டாமலே சரியாகிறது. குறுக்குத்துறை அண்ணாச்சி, இது உங்களுக்கு இல்லை. வலது கால் கட்டில் இருக்கும்வரை நினைக்கவே நினைக்காதீர்கள்.

குறுக்குத்துறை51
அக்டோபர் 21, இரவு 10:20

திட்டு வாங்கத்தான் வந்திருக்கிறேன். நேற்று கடையில் கூட்டம். சரக்குக் கணக்கு நோட்டு உள் அறையில். ஊன்றி நடக்கிற அக்குள் கம்பு இரண்டும் கல்லாவுக்கு அந்தப் பக்கம். குதிகாலால்தானே, நாலு எட்டுதானே என்று வைத்துவிட்டேன். அப்போது வலிக்கவே இல்லை. சாயங்காலம் பார்த்தால் கட்டுக்கு வெளியே தெரிகிற விரல் ஐந்தும் நுங்கு மாதிரி உப்பியிருக்கின்றன. ராத்திரி முழுக்க விண் விண் என்று தெறித்தது.

கட்டுக்குள் அரிப்பு வேறு. ஈர்க்குச்சியை விட்டுச் சொறியலாமா?

சேரன்மாதேவி_சைக்கிள்
அக்டோபர் 21, இரவு 10:34

அதே மூன்றாவது வாரம்! நான் ஓடிய அதே மூன்றாவது வாரம். அண்ணாச்சி, அந்த வாரத்தில் ஏதோ இருக்கிறது.

பாளை_பிசியோ
அக்டோபர் 22, காலை 6:30

ஈர்க்குச்சியைத் தூரப் போடுங்கள். உள்ளே கீறினால் உங்களுக்குத் தெரியாது, கட்டைப் பிரிக்கும்போதுதான் புண் தெரியும். அரித்தால் கட்டின் மேலே லேசாகத் தட்டுங்கள், அல்லது ஃபேன் காற்று உள்ளே போகிற மாதிரி காலைத் தூக்கி வையுங்கள். இன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கம்பையும் கேட்டுவிடுகிறேன். அக்குளுக்கும் கம்பின் தலைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கிறதா? எடை உள்ளங்கையில்தான் இறங்க வேண்டும், அக்குளில் தொங்கினால் நரம்பு அமுங்கிக் கை மரத்துவிடும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கம்பும் கட்டுக் காலும் முதலில். அடியில் உள்ள ரப்பர் குல்லா தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், மழைக்காலத்தில் சிவப்புச் சிமெண்டுத் தரை குறுக்குத்துறைப் படியை விட மோசம். மொத்தத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: செய்கிறபோது எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். சாயங்கால வீக்கத்தையும் மறுநாள் காலையையும் பாருங்கள்.

குறுக்குத்துறை51
அக்டோபர் 22, மாலை 5:15

காட்டிவிட்டேன். எலும்பு விலகவில்லை, தப்பித்தேன். டாக்டர் அதிகம் பேசவில்லை, சீட்டில் 'ஊன்றக் கூடாது' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்.

ஆணி பாக்கெட் இப்போது இரண்டு கிலோ. சைக்கிள் டியூப் நூறு இழுப்பு. வெறும் வயிற்றில் இன்றைக்கு 131.

குறுக்குத்துறை51
நவம்பர் 16, இரவு 9:00

ஏழாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். கெண்டைக்கால் வற்றி, தோல் செதில் செதிலாக, யாரோ ஒரு கிழவனின் காலை எனக்கு ஒட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. தொடை மட்டும் பரவாயில்லை என்று டாக்டரே சொன்னார். எக்ஸ்ரேயில் எலும்பு கூட ஆரம்பித்திருக்கிறது. பூட்ஸ் மாதிரி ஒன்று கொடுத்திருக்கிறார், கம்போடு கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றலாம்.

ஆற்றில் நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்தால் எடை தெரியாது என்று ஒருவர் சொன்னார். போகலாமா?

பாளை_பிசியோ
நவம்பர் 16, இரவு 9:20

சொன்னது சரிதான், நெஞ்சளவுத் தண்ணீரில் உடம்பின் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிவிடும். ஆனால் கார்த்திகை மாதத்தில் தாமிரபரணியிலா? அதே படியிலா? வெள்ளம் வந்தால் அந்தக் கோயிலே முங்குகிற இடம் அது. டாக்டர் சம்மதித்தால், தோலில் புண் எதுவும் இல்லாவிட்டால், பாளை ஸ்டேடியம் நீச்சல் குளத்துக்குப் போங்கள். கம்பியைப் பிடித்து இறங்கலாம்.

முக்கூடல்_மகள்
நவம்பர் 16, இரவு 9:26

ஆற்றுக்குப் போனால் அக்காவிடம் சொல்லிவிடுவேன், ஆமாம்.

நடைக்குழு_டவுன்
டிசம்பர் 28, காலை 7:00

அண்ணாச்சி, நம் குழுவில் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டோம். தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. வருகிறீர்கள்தானே? பாதத்துக்கு முருகன் இருக்கிறான்.

குறுக்குத்துறை51
டிசம்பர் 28, இரவு 8:45

இப்போது செருப்போடு ஒரே மூச்சில் இரண்டரை கிலோமீட்டர் நடக்கிறேன். மூன்றரை நடந்த அன்று ராத்திரி வீங்கியது, மறுநாள் மறுபடி இரண்டுக்கு இறங்கிவிட்டேன். திருச்செந்தூர் அறுபது கிலோமீட்டருக்குப் பக்கம், அதுவும் எல்லோரும் வெறுங்காலோடு. முருகன் இருக்கிறான், எனக்கு சுகரும் இருக்கிறது. நடைக்கு என் பெயரை எழுத வேண்டாம். செய்துங்கநல்லூர்ப் பக்கம் மோர்ப் பந்தல் போடுவீர்களே, அதற்கு எழுதுங்கள். வெள்ளரிக்காய் நறுக்க உட்கார்ந்தே செய்யலாம்.

சேரன்மாதேவி_சைக்கிள்
டிசம்பர் 28, இரவு 9:10

கடைசிப் பகுதி மட்டும் நடக்கலாமே? ஆறுமுகநேரி வரை ரயில்.

குறுக்குத்துறை51
டிசம்பர் 28, இரவு 9:14

அதுவும் தூரம்தான் தம்பி. காயல்பட்டினத்தில் இறங்கினாலும் எனக்கு இப்போது கூடுதல். ரயிலில் திருச்செந்தூர் வரை போய், ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு நடக்கிறேன். செருப்போடு. வாசலில் கழற்றிக்கொள்ளலாம்.

குறுக்குத்துறை51
தைப்பூசத்துக்கு மறுநாள், இரவு 7:30

போய்விட்டு வந்தேன். பந்தலில் மூன்று மணி நேரம் வெள்ளரிக்காய், எழுந்து எழுந்து மோர்ப் பானை தூக்கினேன். இரண்டு கிலோ ஆணிக்கு அது ஒன்றுமே இல்லை. நம் குழு ராத்திரி பதினொன்றுக்கு அந்த வழியாகப் போனபோது மட்டும் கொஞ்ச நேரம் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் முதல் ரயிலில் போனேன். மணலில் நடந்ததுதான் கஷ்டம், பாதம் திரும்பித் திரும்பிப் போகிறது. இன்று காலை வீக்கம் இல்லை.

சுகரின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.1. கடைக்கு ஆணி பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அக்குள் கம்பு ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது, ரப்பர் குல்லா புதிது. கம்மோடு நாற்காலியும் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா? காசு வேண்டாம்.

சுத்தமல்லி_வயல்
தைப்பூசத்துக்கு மறுநாள், இரவு 8:02

குதிகால் பாதி குறைந்திருக்கிறது, துண்டு நைந்துவிட்டது. கம்பு எனக்கு இல்லை, எங்கள் சித்தப்பா மாட்டுத் தொழுவில் வழுக்கி விழுந்து கட்டோடு கிடக்கிறார். ஐந்தரை அடி உயரம். கம்பு பொருந்துமா?

குறுக்குத்துறை51
தைப்பூசத்துக்கு மறுநாள், இரவு 8:10

ஓட்டைகளில் போல்ட்டை மாற்றி உயரம் குறைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள், பத்து மணிக்கு மேல். அதுவரை நான் நடக்கப் போயிருப்பேன். சித்தப்பாவுக்கு சுகர் உண்டா?